ஈட்டி மரமும் இசைக்கருவிகளும்

கோவை மாவட்டத்தின் தெற்கே ஆனைமலையும் வடமேற்கே நீலகிரியும் அரணாக நிற்கின்றன. இவ்விரு மலைகளின் இலையுதிர் காடுகளில் தேக்குடன் கலந்து வளரும் உயர்ந்த மரம் ஈட்டி. தோதகத்தி என்றும், சில வட்டாரங்களில் நூக்க மரம் என்றும் இதனை அழைப்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இதனை அறுக்கும்போது ரோஜாவின் மணம் போன்ற ஒரு மணம் எழுவதால் ஆங்கிலேயர் ரோஸ்வுட் என்றனர்.

பழைய வீடுகளின் கட்டில், நாற்காலி, அலமாரி ஆகியவற்றில் நாம் இம்மரத்தைப் பார்த்திருக்கிறோம். ஆயினும் நம் ஊர் மாணவர்களைவிட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள கித்தார்க் கலைஞர்களுக்கே இதன் பெயர் நன்கு தெரியும். உலகின் விலையுயர்ந்த கித்தார்களில் பலவற்றின் முதுகும் விலாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியால் ஆனவை. நம் மலை மரம் அந்தக் கருவியினுள் புகுந்தது எப்படி? அதனால் அந்த மரத்துக்கு நேர்ந்தது என்ன? இனியும் அது கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு விடை காண, மரம் ஒலிக்கும் முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் ஒலிப்பது எவ்வாறு?

இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றைத் தனியே மீட்டினால் ஓசை மிக மெலிதாகவே கேட்கும். கம்பி மெல்லியது, அதனால் காற்றை அதிகமாகத் தள்ள இயலாது. அதன் அதிர்வைக் குதிரையின் வழியாக ஓர் அகன்ற பலகைக்குக் கொடுத்தால், பலகை தன் முழுப் பரப்பாலும் காற்றை அசைக்கிறது, ஓசை பெருகுகிறது. வீணை, வயலின், கித்தார் யாவும் இந்த ஒரே தத்துவத்தில் இயங்குபவை.

நல்ல ஒலிப்பலகைக்கு இரண்டு குணங்கள் வேண்டும். அது விறைப்பாக இருக்க வேண்டும். அதே சமயம் இலேசாகவும் இருக்க வேண்டும். மரத்தின் மீட்சிக் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், அம்மரத்தில் ஒலி செல்லும் வேகம் கிடைக்கும். குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸில், இழையின் திசையில் இவ்வேகம் நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் என்பதை நினைவிற்கொள்க. ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 420 கிலோ எடையே உள்ளது. ஆகவேதான் வயலினுக்கும் கித்தாருக்கும் முன்பலகையாக அதனையே பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர்.

ஈட்டியோ கனமானது. ஒரு கன மீட்டர் சுமார் 830 கிலோ இருக்கும். அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,700 மீட்டர். முன்பலகைக்கு அது ஏற்றதன்று. ஆனால் அதனிடம் வேறொரு சிறப்பு உண்டு. நன்கு உலர்ந்த ஈட்டிப் பலகை ஒன்றைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினால், மரம் 'டொக்' என்று அடங்காமல் வெண்கலம் போல் சற்று நேரம் கணீரென்று ஒலிக்கும். அதிர்வின் ஆற்றல் மரத்தினுள்ளேயே வெப்பமாக வீணாவது ஈட்டியில் மிகக் குறைவு என்பதே இதன் பொருள். இதனால் முதுகுப் பலகைக்கும் விலாவுக்கும் இது ஏற்றது எனக் கைவினைஞர்கள் கருதினர்.

அந்தந்த நாட்டு மரம்

இசைக்கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று விளங்கும். எந்தக் கைவினைஞனும் உலகமெங்கும் தேடி மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் ஊரைச் சுற்றிக் கிடைத்த மரங்களுள் நன்கு ஒலித்ததை எடுத்துக்கொண்டான். பிறகு அம்மரத்தின் ஓசையே அக்கருவியின் இயல்பான ஓசை என்று மக்கள் காது பழகிக்கொண்டது.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் அப்படி அமைந்தது. பலா ஈட்டியைவிட இலேசானது, குடைவதற்கு எளிது, பூச்சி எளிதில் அரிக்காது. குடம், தண்டி, யாளி முகம் அனைத்தையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. சர் சி. வி. இராமன் 1921-இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தபோது, அவற்றின் அகன்ற, வளைந்த குதிரையே மேற்சுரங்களைச் செழிப்பாக்குகிறது என்று காட்டினார். கம்பியை மீட்டும் இடத்தில் கணுவாக அமைந்து ஒலிக்காமற்போக வேண்டிய மேற்சுரங்களும் இக்கருவிகளில் ஒலிக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஆக, ஒரு கருவியின் இனிமைக்கு மரம் மட்டுமன்றி அமைப்பும் காரணம் என்பதையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

நாகசுரத்துக்கு ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் பச்சை மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கிக் கடைகின்றனர். பல பத்தாண்டுகள் காற்றில் காய்ந்த கட்டையில் ஈரம் சமநிலை அடைந்திருக்கும். துளையிட்ட பின் வெடிக்காது, வளையாது.

கடல் கடந்து ஹவாய்த் தீவுக்குச் சென்றாலும் இதே கதைதான். 1879 ஆகஸ்டு மாதம், போர்ச்சுக்கலுக்கு உரிய மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலூலுவை அடைந்தது. அதில் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஹோசே டு எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தனர். தங்கள் தீவின் சிறிய நான்கு கம்பிக் கருவியை அவர்கள் அங்குக் கிடைத்த கோவா என்னும் மரத்தால் செய்தனர். அதுவே யூகலேலி. கோவா மரம் நம் வேலமரத்தின் உறவு. உலகில் ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அத்தீவினர் அதனைக் குடைந்து ஓடங்கள் செய்துவந்தனர். 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சியின் வாயிலாக யூகலேலி அமெரிக்காவெங்கும் பரவியது. ஓடத்து மரம் உலகச் சந்தையின் மரமாயிற்று.

பிரேசிலுக்கு மாற்றாக மலபார்

ஒரு தீவுக்கும் ஓர் ஊருக்கும் போதுமான மரம் உலகுக்குப் போதுமா? இக்கேள்விக்குக் கித்தாரின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்டகாலம் உயர்ந்த கித்தார்களுக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டையே பயன்படுத்தினர். அது நம் ஈட்டியின் ஒன்றுவிட்ட சகோதரன். டால்பெர்ஜியா நைக்ரா என்பது அதன் பெயர். பிரேசிலின் கீழைக் கடற்கரைக் காடுகளில் மட்டும் வளர்வது. அக்காடுகள் கரும்புக்கும் காப்பிக்கும் மாட்டுப் பண்ணைக்குமாக அழிந்துகொண்டே வந்தன.

மரம் குறைந்ததைக் கருவியின் வடிவமே காட்டிக்கொடுத்தது. கித்தாரின் முதுகு வழக்கமாக இரண்டு துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். பலகை வளையாமலிருக்க, அதனை நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரத்தின் திசையில் அறுக்க வேண்டும். நடுத்தண்டையும் வெளிப்புற வெள்ளைப் பகுதியையும் நீக்கிவிட்டு 20 சென்டிமீட்டர் வைரம் கிடைக்க வேண்டுமானால், அடிமரத்தின் விட்டம் 50 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்; அதாவது சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். அத்தகைய பருமனுள்ள மரங்கள் அருகியபோது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் 1965-இல் மூன்று துண்டு முதுகுள்ள ஒரு கித்தாரை வெளியிட்டது. குறுகிய பலகைகளையும் வீணாக்காமல் பயன்படுத்துவதே அதன் நோக்கம். பார்ப்போர் அதனைப் புதிய அழகு என்று கொண்டாடினர்.

1960-களின் பிற்பகுதியில், மரத்தை அறுக்காமல் உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைப் பிரேசில் நிறுத்தியது. கைவினைஞர்கள் தாங்கள் விரும்பியவாறு அறுத்துக்கொள்ள முடியாமற்போயிற்று. 1969-இல் மார்ட்டின் நிறுவனம் தன் வழக்கமான கித்தார்களுக்கு இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அன்று பலர் முகம் சுளித்தனர். மாற்று மரம் மாற்று மரம்தான் என்றனர். ஒரு தலைமுறைக்குள் நிலைமை மாறியது. இந்திய ரோஸ்வுட்டே உயர்ந்த கித்தாரின் அடையாளமாயிற்று. பற்றாக்குறையால் உள்ளே வந்த மரம், பழக்கத்தால் உரிமை பெற்றுவிட்டது.

நம் காட்டில் நடந்தது

மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களுக்கு வெளிச்சந்தை புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டப் பம்பாய்க்குச் சென்றது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என வழங்குகிறது. ஈட்டியும் பீரங்கி வண்டிகளுக்கும் மேசை நாற்காலிகளுக்குமாக வெட்டப்பட்டது. காடு தீர்ந்துவிடுமோ என்ற கவலையில்தான் 1856-இல் கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவரின் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை தோன்றியது. கோவையில் 1902-இல் காஸ் வன அருங்காட்சியகமும் 1912-இல் வனக் கல்லூரியும் ஏற்பட்டன. இந்த அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள் தென்னாட்டு மரங்களின் மாதிரிகளை அங்கே காணலாம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி ஆனைமலையில் தேக்கைத் திரும்ப வளர்ப்பதில் வெற்றி கண்டார். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளின் நிழலிலேயே இருக்கிறது. ஆனால் தேக்குக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு ஈட்டிக்குக் கிடைக்கவில்லை. ஈட்டி மெதுவாக வளர்வது. இசைக்கருவிக்கேற்ற பருமன் அடைய நூறாண்டும் அதற்கு மேலும் ஆகலாம். வனத்துறையின் கணக்கேட்டிலும் விரைவில் பலன் தரும் தேக்கே முன்னின்றது. ஈட்டியோ இயற்கைக் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்று, விலைக்காகத் தேடி வெட்டப்பட்டது.

காட்டுக்கு வெளியே ஈட்டி மிகுதியாக நின்ற இடம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதி. அங்குத் தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் ஜன்மி நிலங்களிலும் பெரிய ஈட்டி மரங்கள் இருந்தன. அவை வெட்டப்படுவதைக் கண்ட நிலம்பூரைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இந்தியாவின் வன வரலாற்றில் ஒரு திருப்பம். ஆவணத்தில் யார் பெயரில் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக உள்ளதெல்லாம் காடே என்று நீதிமன்றம் கூறியது. கூடலூரின் மரங்களுக்காக எழுந்த வழக்கு நாடு முழுவதன் காடுகளுக்கும் காப்பாயிற்று. தமிழக அரசும் 1990-களின் நடுவில் ஈட்டி மரத்துக்கெனவே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் பதினைந்து ஆண்டுகளுக்கு என இயற்றப்பட்ட அச்சட்டம் பின்னர் மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

உலக அரங்கிலும் கட்டுப்பாடு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, 1992-இல் பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகத்தை ஏறத்தாழ முற்றிலும் தடுத்தது. 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும், நம் ஈட்டி உட்பட, கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. இதற்கு முதன்மையான காரணம் இசைக்கருவிகள் அல்ல. சீனாவில் ரோஸ்வுட் மேசை நாற்காலிகளுக்கு எழுந்த பெருந்தேவை. ஒரு கித்தாரின் முதுகிலும் விலாவிலும் உள்ள ஈட்டியை நிறுத்தால் ஒரு கிலோகூட இராது. ஆகவே 2019-இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மரத்துக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது.

காதின் சாட்சி

இவ்வளவு தேடும் மரத்தால் ஓசை உண்மையிலேயே உயர்கிறதா? அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்பெயின் நாட்டின் தலைசிறந்த கித்தார்க் கைவினைஞரான அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் இதனைச் சோதித்தார். முன்பலகையை ஸ்ப்ரூஸால் செய்து, முதுகையும் விலாவையும் காகிதக் கூழால் செய்தார். கித்தாரின் ஓசை பெரும்பாலும் முன்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று காட்டுவது அவர் நோக்கம். அக்கருவி பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை இன்னும் செம்மையாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே அமைப்பில், முதுகும் விலாவும் மட்டும் வேறான ஆறு கித்தார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என ஆறு மரங்கள். 52 கலைஞர்கள், எது எந்த மரம் என்று பார்க்க இயலாதவாறு மங்கிய ஒளியில் கறுத்த கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்தனர். அவர்கள் அளித்த மதிப்பெண்களில் ஆறுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விலையுயர்ந்த அரிய மரத்தைக் காது தனியே பிரித்தறியவில்லை.

இதனால் மரமே முக்கியமன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இச்சோதனை முதுகையும் விலாவையும் மட்டும் பற்றியது. முன்பலகையை மாற்றினால் ஓசை மாறும். ஈட்டியின் உறுதி, நிறம், வளைந்து கொடுக்கும் தன்மை ஆகியவையும் கைவினைஞனுக்கு வேண்டியவையே. ஆனால் அம்மரம் இல்லாமல் நல்ல கருவியே இல்லை என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. அருமைக்குக் கொடுக்கும் விலையை இனிமைக்குக் கொடுப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நீங்களே செய்து பாருங்கள்

மரங்களின் ஒலிக் குணத்தை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தச்சுப் பட்டறையில் கிடைக்கும் தேக்கு, பலா, வேம்பு, பழைய ஈட்டித் துண்டு ஆகியவற்றை 30 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சீரான பட்டைகளாக இழைத்துக்கொள்க. இழை நீளவாட்டில் இருக்க வேண்டும். இரு முனைகளிலிருந்தும் 6.7 சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டித் தொங்கவிடுக. பட்டை அதிரும்போது அசையாத கணுக்கள் அவ்விடங்களே. நடுவில் இலேசாகத் தட்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணைக் கைப்பேசியில் உள்ள அளவிடும் செயலியால் குறித்துக்கொள்க. பின்வரும் வாய்பாடு ஒலியின் வேகத்தைத் தரும்:

வேகம் = அதிர்வெண் × நீளம் × நீளம் ÷ (1.028 × தடிமன்)

நீளத்தையும் தடிமனையும் மீட்டரில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக அதிர்வெண் 420 எனில், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,700 மீட்டர் என வரும். ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு நேரம் ஒலித்து அடங்குகிறது என்பதையும் ஒப்பிடுக. அதிக நேரம் ஒலிக்கும் மரத்தில் ஆற்றல் இழப்புக் குறைவு.

களையாகிய மரம்

இச்சோதனைக்கு ஒரு பயன் உண்டு. ஹவாயின் கோவா மரமும் கால்நடை மேய்ச்சலாலும் வெட்டுதலாலும் குறைந்துவிட்டது. அதற்கு மாற்றாக யூகலேலி செய்வோர் விரும்பி வாங்கும் மரங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் அகாசியா மெலனாக்சிலான். கோவாவுக்கு நெருங்கிய உறவு அது. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரங்களுள் இதுவும் ஒன்று. நீலகிரியில் பொதுவாகச் சீகை என்று குறிக்கும் மரக்கூட்டத்தில் அடங்கும். அதுவும் அதன் கூட்டமும் மலையின் இயற்கைப் புல்வெளிகளில் பரவி, அவற்றை அழிக்கும் களையாகிவிட்டன. ஓரிடத்தில் விலை கொடுத்து வாங்கும் இசைமரம், இன்னோரிடத்தில் அகற்ற வேண்டிய களை! நீலகிரியில் வளர்ந்த கட்டையின் அடர்த்தி, வேகம், ஆற்றல் இழப்பு ஆகியவற்றை அளந்து பார்த்து, இசைக்கருவிக்கு ஏற்றதெனில் பயன்படுத்தலாம். புல்வெளியும் மீளும், ஈட்டியின் சுமையும் சற்றுக் குறையும். நம் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்ற வேலை இது.

அத்துடன் ஈட்டியை நடவும் வேண்டும். அது விதையால் மட்டுமன்றி வேரிலிருந்து எழும் கன்றுகளாலும் பெருகும் இயல்புடையது. கொங்கு நாட்டு உழவர்கள் சில ஆண்டுகளில் பலன் தரும் மலைவேம்பை நடுகின்றனர். பேரன் காலத்தில் பலன் தரும் ஈட்டியை நடுவோர் அரியர். தன் நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை என்ற விதி, நின்ற மரங்களைக் காத்தது உண்மை. ஆயினும் புதிதாக நட்டவனுக்குப் பயன் உறுதி என்று தெரிந்தால்தான் நடும் கைகள் பெருகும். அதற்கேற்ற முறைகள் வகுக்கப்பட வேண்டும்.

பிரேசிலின் மரம் தீர்ந்தபோது உலகம் நம் மலையை நாடி வந்தது. நம் மலையின் மரமும் தீருமானால் இசை நின்றுவிடாது; வேறு மரத்துக்குக் காது பழகிக்கொள்ளும். காட்டில் ஈட்டி நின்ற இடத்தில் உண்டாகும் வெற்றிடத்தையோ நூறாண்டுகளுக்குக் குறையாமல் நிரப்ப இயலாது.